சான்றிதழ் யார் கையில், பெட்பேன் யார் கையில்

(மருத்துவமனைத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் பேசியது. எழுத்தாக்கும்போது சில இடங்களைச் சுருக்கியும் சில இடங்களை விரித்தும் இருக்கிறேன்.)

எங்க பக்கத்தில், விழுப்புரம் வட்டாரத்தில், ஆயா என்றால் பாட்டி. அம்மாவைப் பெத்தவளும் ஆயா, அப்பாவைப் பெத்தவளும் ஆயா. என் அம்மாவை முப்பது வயசிலேயே எல்லாரும் ஆயா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பேரன் பேத்தி எடுத்ததால் இல்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குச் சேர்ந்ததால். இந்த ஆயா வேற ஆயா. போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்து, வெள்ளைக்காரன் வீட்டில் பிள்ளை தூக்கியவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். டாக்டருக்கும் ஆயா, நர்சுக்கும் ஆயா, அம்மாவைவிட இருபது வயசு மூத்த நோயாளிக்கும் ஆயா. இருபத்திரண்டு வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பேர் கிடையாது. காண்ட்ராக்ட்காரர் நோட்டில்கூட 'பெண்கள் வார்டு ஆயா - 2' என்றுதான் இருந்தது. அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் கிளார்க். ரெண்டுமே தாளோடு மல்லுக்கட்டுகிற வேலை. அதனால் இன்றைக்குத் தாளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நோயாளியைத் தொட்டு, தூக்கி, கழுவி, ஊட்டிப் பார்த்துக்கொள்கிற தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கணும், சான்றிதழ் கொடுக்கணும், அவர்களை வேலையில் தக்கவைக்கணும் என்று அரசும் பேசுகிறது, தனியார் மருத்துவமனைகளும் பேசுகின்றன. பயிற்சி, சான்றிதழ், தக்கவைத்தல். இந்த மூணையும் சேரியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில், அம்மாவுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன்.

எழுந்திருக்க முடியாமல் படுத்தவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்கணும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். தோல் கிழிந்த பிறகு வருவதில்லை புண். முதலில் சிவக்கும், அழுத்தினால் வெளுக்காமல் சிவப்பாகவே நிற்கும். அந்தச் சிவப்பை முதலில் பார்க்கிறவள் உடம்பு துடைக்கிறவள்தான். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சூட்டையும் கெட்டித்தன்மையையும் கையால்தான் கண்டுபிடிக்கணும். பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது விளங்குகிற கைகால் இருக்கிற பக்கம் நாற்காலியைப் போடணும். விளங்காத கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு இறங்கிவிடும். தலையை உயர்த்தி உட்காரவைக்காமல் கஞ்சி ஊட்டினால் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சளி கட்டும், ஆளே போய்விடலாம். மூத்திரப் பையைக் கட்டிலில் வைக்கக்கூடாது, அடிவயிற்றுக்குக் கீழேதான் தொங்கணும். பையில் நிறம் மாறினால், அளவு குறைந்தால், அதைச் சொல்லணும்.

இதெல்லாம் செவிலியப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அம்மா அஞ்சாங் கிளாசு. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "சொல்லிக் குடுத்தாங்களா? திட்டுனாங்க. திட்டு வாங்கி வாங்கிக் கத்துக்கினேன்" என்றார். இதுதான் நம்ம பெண்களுக்கு இந்தத் தேசம் கொடுத்த பயிற்சி. பாடத்திட்டம் வசவு. ஆசிரியர் பயம். தேர்வு நோயாளியின் உடம்பு.

இந்த அறிவு ஏன் அறிவாகக் கணக்கில் வரவில்லை? மலம், மூத்திரம், ரத்தம், சீழ் இவற்றோடு கலந்திருப்பதால். பார்ப்பனியம் உடம்பிலிருந்து வெளியேறுகிற எல்லாவற்றையும் தீட்டு என்றது. அதைத் தொடுகிற கையைத் தீட்டான கை என்றது. தீட்டான கைக்கு மூளை இருக்கும் என்று எந்தச் சாஸ்திரமும் ஒத்துக்கொள்ளாது.

வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் செவிலியர் பள்ளி தொடங்கினார். அந்தக் காலத்தில் அன்னிய உடம்பைத் தொடுகிற வேலைக்கு ஆதிக்க சாதி வீடுகள் பெண்ணை அனுப்பத் தயங்கின. இந்தியா முழுக்க ஆரம்பகாலச் செவிலியர்களில் கிறித்தவப் பெண்களே நிறைந்திருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1926-ல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவேடு வந்தது. 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். படிப்பு, பதிவு எண், கவுன்சில் என்று வரவர அந்த வேலைக்கு மதிப்பும் வந்தது. அந்தப் போராட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெள்ளைத் தொப்பி போட்ட அந்தப் பெண்கள் பட்ட அவமானமும் சின்னதில்லை.

ஆனால் பதிவேடு ஒரு கோடும் போட்டது. கோட்டுக்கு மேலே மருந்துத் தட்டு, ஊசி, கேஸ் ஷீட்டு. கோட்டுக்குக் கீழே பெட்பேன். மேலே நிற்பவருக்குப் பதிவு எண். கீழே நிற்பவளுக்கு 'ஆயா'. அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே காட்டினார்: வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிற மனுசரையே அடுக்கடுக்காகப் பிரித்து வைப்பது வேறு. ஒரு வார்டுக்குள் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் அது புரியும். யார் எந்தத் தட்டைத் தூக்குகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

இப்போது, அந்தக் கோட்டுக்குக் கீழேயும் சான்றிதழ் தருகிறோம் என்கிறார்கள். 2015-ல் பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்', 'ஹோம் ஹெல்த் எய்ட்' என்று பெயர்கள். சில மாதப் பயிற்சி, தேர்வு, முத்திரை போட்ட தாள். ஏற்கெனவே வேலை செய்கிறவர்களின் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரவும் அந்தத் திட்டத்தில் வழி இருக்கிறது. கொரோனா இரண்டாவது அலை வந்து ஆக்சிஜனுக்கும் ஆளுக்கும் நாடே தவித்தபோது, 2021 ஜூன் 18 அன்று, 26 மாநிலங்களில் 111 மையங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குறுகியகாலப் பயிற்சி என்று அறிவித்தார்கள். ஆறு வகைப் பணிகள். வீட்டுப் பராமரிப்பு, அடிப்படைப் பராமரிப்பு இரண்டும் அதில் உண்டு. எத்தனை பேருக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள். அவர்களுக்கு எத்தனை நிரந்தரப் பணியிடம் என்று இலக்கு வைக்கவில்லை.

அதே 2021-ல் இன்னொரு சட்டம் வந்தது. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். செவிலியருக்கு இருப்பதுபோல் மற்றத் தொழில்களுக்கும் பதிவேடு. நல்லதுதான். ஆனால் அந்தப் பதிவேட்டுக்குள் நுழைய வாசற்படி எவ்வளவு உயரம் தெரியுமா? அந்தச் சட்டப்படி துணை மருத்துவத் தொழிலர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு. அதற்கு மேலே இருக்கிற பிரிவுக்கு 3,600 மணி நேரம். சில மாதப் பயிற்சித் தாளை வைத்துக்கொண்டு அந்தப் படியில் கால் வைக்க முடியாது.

நான் வங்கிக்காரன், கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மாவுக்கு ஒரு ஷிப்ட் 12 மணி நேரம். மாசம் 26 நாள். வருஷத்துக்கு 12 × 26 × 12. அதாவது 3,744 மணி நேரம். சட்டம் கேட்கிற மேல் பிரிவின் 3,600 மணி நேரத்தை என் அம்மா ஒரே வருஷத்தில் தாண்டியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். வகுப்பறையில் உட்கார்ந்த மணிக்குத்தான் கணக்கு. நோயாளியோடு நின்ற மணிக்குக் கணக்கு இல்லை. பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடற்கூறு தெரியணும், தொற்று எப்படிப் பரவுகிறது என்று தெரியணும், மருந்தின் பெயர் படிக்கத் தெரியணும். ஆனால் நின்ற மணியில் ஒரு பங்கையாவது கணக்கில் சேர்க்க மாட்டேன் என்பது என்ன நியாயம்?

இங்கே என் பங்கையும் ஒத்துக்கொள்ளணும். எங்க தெருப் பெண் ஒருத்தி, முறைக்கு எனக்குத் தங்கச்சி. பன்னிரண்டாவது முடித்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடிப்படி ஏறிப்போகிற ஒரு பயிற்சி நிறுவனத்தில் ஒரு வருஷ 'நர்சிங்' படிப்பு, வெள்ளைக் கோட்டு உண்டு என்று நோட்டீசைக் கொண்டுவந்து காட்டினாள். கல்விக்கடன் கேட்டாள். நர்சிங் கவுன்சில் அங்கீகரிக்கிற படிப்பு எது என்று எனக்குத் தெரியும். ஏ.என்.எம். ரெண்டு வருஷம், ஜி.என்.எம். மூணு வருஷம், பி.எஸ்சி. நாலு வருஷம். இது எதிலும் சேர்த்தி இல்லை. கல்விக்கடன் கிடையாது என்று சொன்னேன். ஏன் கிடையாது என்று உட்காரவைத்து விளக்கியிருக்கணும். கவுண்ட்டரில் கூட்டம். "நகை இருந்தா எடுத்தாம்மா" என்றேன். அவள் அம்மா காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். சீட்டு எழுதினவன் நான்.

படிப்பு முடிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேட்டார்கள். இல்லை. ஆயா வேலை இருக்கு, வர்றியா என்றார்கள். இப்போது ஒரு ஏஜென்சி மூலம் வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். இருபத்து நாலு மணி நேர டியூட்டி. வீட்டுக்காரர் ஏஜென்சிக்குக் கொடுப்பது ஒரு தொகை, அவள் கைக்கு வருவது வேறொரு தொகை. அந்தத் தோட்டுக்கு ஏல நோட்டீசு போனபோது அதை டைப் அடித்ததும் நான்தான். சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்தத் தோடு ஞாபகம் வருகிறது.

ஆகவே, தாள் எல்லாமே பித்தலாட்டமா? இல்லை. என் வேலையையே உதாரணம் சொல்கிறேன். எங்களுக்கு ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. என்று பரிட்சைகள் உண்டு. முதல் பரிட்சை பாஸ் செய்தால் கிளார்க்குக்கு ஒரு இன்கிரிமெண்ட். அடுத்ததும் முடித்தால் இன்னும் ரெண்டு. தாள் வந்த உடனே சம்பளம் ஏறும். மேனேஜரின் கருணையில் ஏறுவதில்லை. சங்கமும் நிர்வாகமும் போடுகிற இருதரப்பு ஒப்பந்தப்படி ஏறும். முதல் ஒப்பந்தம் 1966-ல். எங்கள் கிளையில் கூட்டுகிற பகுதிநேரத் தொழிலாளிக்குக்கூட ஸ்கேலில் மூன்றில் ஒன்று, பாதி, முக்கால் என்று விகிதம் வாங்கிக் கொடுத்திருக்கிறது சங்கம். ஒரு சான்றிதழுக்குப் பலம் அதன் முத்திரையில் இல்லை. அதற்குப் பின்னால் எழுதப்பட்ட ஊதிய விகிதம் இருக்கிறதா, அதைக் கேட்டு வாங்கச் சங்கம் இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

சங்கமும் விகிதமும் இல்லாவிட்டால் பெரிய படிப்புக்கே கதி இல்லை. 2015-ல் தமிழ்நாடு அரசு மருத்துவத் தேர்வு வாரியம் மூலம் பரிட்சை வைத்து எடுத்த செவிலியர்களுக்கு மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். முறையாகப் படித்தவர்கள், பதிவு எண் உள்ளவர்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பதிவு எண் இருக்கிறவளுக்கே இந்த நிலை என்றால் ஆயாவுக்கு என்ன நிலை?

வெளிநாட்டையும் பாருங்கள். அமெரிக்காவில் 1938-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கொண்டுவந்தபோது வீட்டு வேலைக்காரர்களை அதற்கு வெளியே நிறுத்தினார்கள். தெற்கு மாநிலங்களில் அந்த வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். 1974-ல் வீட்டு வேலையை உள்ளே சேர்த்தார்கள். அப்போதும் முதியவர்களையும் நோயாளிகளையும் வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களை 'துணைக்கு இருப்பவர்' என்று சொல்லி வெளியே தள்ளினார்கள். ஜமைக்காவிலிருந்து போன ஈவ்லின் கோக் என்ற பெண் நியூயார்க் பக்கம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர். கூடுதல் நேரக் கூலி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2007-ல் தோற்றார். 2013-ல்தான் விதியை மாற்றினார்கள்; அதையும் திரும்பப் பெறலாம் என்று 2025-ல் முன்மொழிவு வந்தது. இத்தனைக்கும் அங்கே முதியோர் இல்லங்களில் வேலை செய்கிற உதவியாளருக்கு 75 மணி நேரப் பயிற்சி, தேர்வு, மாநிலப் பதிவேடு எல்லாம் 1987 சட்டத்திலேயே உண்டு. பதிவேடு இருந்தும் கூலி குறைவு. அங்கேயும் இதே புலம்பல்தான்: ஆட்கள் நிற்பதில்லை, ஓடிப்போகிறார்கள்.

ஏன் ஓடுகிறார்கள் என்று கருத்தரங்கம் போடுகிறார்கள். எங்கம்மா முதுகைக் கேட்டால் சொல்லும். தூக்கித் தூக்கி இடுப்புத் தட்டு விலகின பிறகு "நாளையிலேருந்து வர வேணாம்" என்று அனுப்பினார்கள். ஓடிப்போகவில்லை, துரத்தினார்கள். பி.எஃப். கணக்கு இல்லை, பணிக்கொடை இல்லை, அனுபவச் சான்று இல்லை. காண்ட்ராக்ட்காரர் மூணு தடவை மாறினார். ஒவ்வொரு தடவையும் அம்மா புது ஆள்.

அரசே இதில் முன்னோடி. 1975-ல் தொடங்கிய அங்கன்வாடியில் வேலை செய்கிற பெண்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022-ல். நாற்பத்தேழு வருஷம் கழித்து. 2005-ல் வந்த ஆஷா பணியாளருக்குப் பெயரே தன்னார்வலர். சம்பளம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை என்பார்கள். தன்னார்வம், சேவை, தாய்மை, தியாகம் — கூலியைக் குறைக்க இதைவிட நல்ல சொற்கள் தமிழில் கிடையாது.

கடைசியாக, நம்ம இயக்கத்துக்குள்ளேயே வருகிற ஒரு கேள்வி. போன மாசம் ஒரு இளைய தோழர் என்னிடம் சண்டை போட்டார். "செத்த மாட்டைத் தூக்காதேன்னு சொன்னவர் அண்ணல். நீங்க பீ அள்ளுறதுக்குச் சான்றிதழ் கேக்குறீங்களா? நம்ம பொண்ணுங்களை இந்த வேலையிலேயே கட்டிப்போடப் பாக்குறீங்களா?" என்றார். ரெண்டு நாள் தூக்கம் வரவில்லை. கோபம் நியாயமானது. அதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக்கூடாது.

மனித மலத்தை மனிதன் அள்ளும் வேலை ஒழிக்கப்பட வேண்டியது. 1993-லும் 2013-லும் அதற்குச் சட்டமே போட்டாயிற்று. குழியும் குழாயும் எந்திரமும் செய்ய வேண்டிய வேலை அது. அதற்கு நான் சான்றிதழ் கேட்க மாட்டேன். ஆனால் நோயாளியின் உடம்பைக் கழுவும் வேலையை ஒழிக்க முடியாது. அந்தத் தோழருக்கும் எனக்கும் ஒருநாள் யாராவது செய்துதான் ஆகணும். அது பிறப்பால் நம்ம தலையில் விழுகிறதே, அதைத்தான் ஒழிக்கணும். கௌரவமான கூலியும் பணிப் பாதுகாப்பும் வந்தால் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இந்த வேலைக்கு வருவார்கள். வரட்டும். ஐயர் வீட்டுப் பையன் சம்பளத்துக்காகப் பெட்பேன் தூக்குகிற நாளில் தீட்டு கொஞ்சம் ஆட்டம் காணும்.

அதில் ஒரு அபாயமும் இருக்கிறது. கூலி ஏறும்போது "பத்தாவது பாஸா, பன்னிரண்டாவது பாஸா" என்று கதவு முளைக்கும். இத்தனை காலம் செய்த நம்ம அம்மாக்கள் தகுதி இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். காண்ட்ராக்ட்காரர் மூலம் ஆள் எடுக்கிற வேலையில் இட ஒதுக்கீடு கிடையாது. நிரந்தரப் பணியிடமாக இருந்தால் இட ஒதுக்கீடு கேட்போம் என்பதால்தான் எல்லாவற்றையும் ஒப்பந்தத்துக்கு விடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். பெட்பேனுக்கு மட்டும் யாரும் அறிவிக்காத நூறு சதவீத ஒதுக்கீடு நமக்கு எப்போதுமே உண்டு.

ஆகவே நான் முன்வைப்பது நாலு. ஒன்று, ஏற்கெனவே வேலை செய்கிறவர்களுக்குப் பள்ளிச் சான்று கேட்காமல், படுக்கையோரத்தில், தமிழில், செய்துகாட்டுகிற தேர்வு வைத்துச் சான்று தரணும். செலவு முதலாளியுடையது, தோடு அடகுக்குப் போகக்கூடாது. இரண்டு, சான்று வந்த மாசமே எழுதப்பட்ட விகிதப்படி சம்பளம் ஏறணும். மூன்று, காண்ட்ராக்ட்காரர் மாறினாலும் பணி ஆண்டுகள் மாறாமல் தொடரணும். எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதல் கூலி. நாலு, இந்த வேலையிலிருந்து ஏ.என்.எம்., ஜி.என்.எம். படிக்கப் போக ஒதுக்கப்பட்ட இடங்கள். இறங்க மட்டும் படி வைத்த வீடு நமக்கு வேண்டாம், ஏறவும் படி வேண்டும்.

இதெல்லாம் என்றைக்கோ கிடைக்கும் என்று உட்காராதீர்கள். வங்கியில் ஒரு பழக்கம் உண்டு: பேரேட்டில் இல்லாதது நடக்கவே இல்லை. நமக்கும் ஒரு பேரேடு வேணும். மாணவத் தோழர்களே, நாளைக்கு ஒரு நீளமான நோட்டு வாங்குங்கள். நம்ம தெருவில் வார்டு வேலைக்கும் வீட்டு நோயாளி வேலைக்கும் போகிற ஒவ்வொருத்தரையும் எழுதுங்கள். பேர். ஊர். எந்த வருஷம் சேர்ந்தார். தினம் எத்தனை மணி நேரம். கைக்கு என்ன வருகிறது. என்னென்ன செய்யத் தெரியும். மணி நேரத்தைப் பெருக்கி ஓரத்தில் எழுதுங்கள். நாளை தொழிலாளர் துறையிலோ நீதிமன்றத்திலோ நிற்கும்போது நம்ம கையில் இருக்கப்போகிற முதல் தாள் அதுதான்.

நான் என் வீட்டிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். முதல் வரியில் அம்மாவின் பேரை எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "ஆயான்னு போடலையா?" என்று கேட்டார். இல்லம்மா, இதில் பேர்தான் என்றேன். சரி, நாலாவது மாடி லிஃப்ட் இல்லாதப்போ ஏறினதையும் எழுது என்றார். எழுதியிருக்கிறேன்.